ஹார்ப்பர் கணவாய் நடை: தாரமகாவ் ஆற்றங்கரையிலிருந்து ஹுருனுயி வரை, படிப்படியாக

நியூசிலாந்தின் தென்தீவில் மேற்கே இறங்கும் தாரமகாவ் ஆற்றுக்கும் கிழக்கே இறங்கும் ஹுருனுயி ஆற்றுக்கும் நடுவே இருப்பது ஹார்ப்பர் கணவாய். உயரம் 963 மீட்டர்தான், கொடைக்கானலில் பாதிகூட இல்லை. கணவாயின் உச்சிகூட மரக்கோட்டுக்கு, அதாவது மரம் வளரும் உயர எல்லைக்குக் கீழேதான். ஆர்தர்ஸ் பாஸ் சாலையில் ஐக்கன்ஸ் என்ற இடத்தில் நுழைந்து லூயிஸ் பாஸ் சாலையில் விண்டி பாயிண்டில் வெளியே வருவது முழு வழி. 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய வரும், நான்கிலிருந்து ஐந்து நாள் ஆகும்.

வரைபடத்தைப் பார்க்கிற எல்லோரும் கணவாய் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அந்த ஏற்றம் ஒரு காலைப்பொழுது வேலை. ஆளைத் திருப்பி அனுப்புவதும், சில சமயம் திரும்பவே விடாமல் செய்வதும் அதற்கு முந்தைய நாள் கடக்க வேண்டிய ஆறுகள்தான். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாம் ஒரே கணக்கில் அமைந்தவை: மேற்குப் பக்க ஆறுகளைத் தண்ணீர் குறைவான நாளில் கடக்க வேண்டும், அது முடியாவிட்டால் காத்திருக்கவோ திரும்பவோ வழி இருக்க வேண்டும்.

1. முதலில் திசை: மேற்கிலிருந்து கிழக்கு

ஐக்கன்ஸில் தொடங்குங்கள், விண்டி பாயிண்டில் முடியுங்கள். இயற்கைப் பாதுகாப்புத் துறையும் (இங்கே எல்லோரும் டிஓசி என்பார்கள்) இதையேதான் சொல்கிறது.

காரணம் எளிது. பாலம் இல்லாத பெரிய ஆறுகள் மூன்றும், அதாவது ஓடிரா, ஓடெஹாகே, தாரமகாவ், மேற்கு முனையில் இருக்கின்றன. மேற்கிலிருந்து போனால் அவை முதல் நாளே வந்துவிடும். அன்றைய வானிலை அறிக்கை கையில் சூடாக இருக்கும், பிடிக்கவில்லை என்றால் காருக்குத் திரும்பிவிடலாம். கிழக்கிலிருந்து வந்தால் இதே ஆறுகள் நான்காம், ஐந்தாம் நாளில் வரும். அப்போது உங்களிடம் இருப்பது பழைய அறிக்கை, குறைந்துபோன சாப்பாடு, அப்புறம் நாளை வேலைக்குப் போகணும் என்ற அவசரம். தப்பான முடிவு எடுக்க இவ்வளவு போதும்.

புதிதாக வருகிறவர்கள் இதில் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாடு முழுவதையும் நடந்து கடக்கும் தே அராரோவா பாதையின் ஒரு துண்டு இந்த வழி. அதில் தெற்கு நோக்கி நடக்கிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கிழக்கிலிருந்து மேற்கே வருவார்கள், அவர்களுடைய குறிப்புகளும் அந்த வரிசையில்தான் இருக்கும். அதை அப்படியே பின்பற்ற வேண்டாம். தேவைப்பட்டால் ஹட்டில் (வழியில் தங்குவதற்கான மலைக்குடில்) ஓரிரு நாள் உட்கார்ந்திருக்க அவர்களால் முடியும், நான்கு நாள் லீவு போட்டு வந்த நமக்கு முடியாது.

2. எந்த மாதம், எந்த வானிலை அறிக்கை

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. கோடையின் நடுவில் இரவு ஒன்பது மணி வரைகூட வெளிச்சம் இருக்கும். அக்டோபர், நவம்பரில் பனி உருகும் நீரோடு வசந்தகால மழையும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலம் முதல் தடவை போகிறவருக்கு வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். கிறைஸ்ட்சர்ச்சில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது. அங்கே வடமேற்குக் காற்று சூடாக, வறண்டு வீசுகிறது, வானம் நீலமாக இருக்கிறது, துணி அரை மணியில் காய்கிறது என்றால் மலைக்கு அந்தப் பக்கம் அதே காற்று கொட்டித் தீர்த்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். டாஸ்மான் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேற்கே மழையாக இறங்கிவிட்டு, ஈரம் போன பிறகு கிழக்கே வருகிறது. நம்மூரில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் பெய்துவிட்டுத் தேனிக்கு வெறுங்காற்றாக வருவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

அதனால் நகர வானிலையை விட்டுவிட்டு, நியூசிலாந்தின் வானிலை நிறுவனமான மெட்சர்வீஸ் ஆர்தர்ஸ் பாஸ் தேசியப் பூங்காவுக்கென்று தனியாக வெளியிடும் மலை வானிலை அறிக்கையைப் பாருங்கள். அதில் மூன்று விஷயம்: மழை எப்போது தொடங்குகிறது, மேற்குக் கரைக்கு கனமழை எச்சரிக்கை உண்டா, உறைநிலை எந்த உயரத்தில் இருக்கிறது. உறைநிலை உயரமாக இருக்கும்போது பெய்தால் உச்சிகளிலும் மழையாகவே விழும், எல்லாம் ஆற்றுக்கு வந்து சேரும்.

முதல் நாளும் அதற்கு முந்தைய நாளும் மழை இல்லாமல் இருக்க வேண்டும், இரண்டாம் நாளும் பெரிய மழை இருக்கக் கூடாது. இந்த மூன்று நாள் கிடைத்தால் கிளம்புங்கள். மூன்றாம் நாளுக்கு மேல் லேசான மழை என்றால் சமாளிக்கலாம், கிழக்குப் பக்கம் அவ்வளவு பொல்லாததில்லை. கிளம்பும் நாள் காலையில் ஆர்தர்ஸ் பாஸ் கிராமத்தில் டிஓசி அலுவலகத்தில் நின்று பாதையில் எங்கே சரிவு, எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

3. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் மலையேறிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே வனத்துறை அனுமதி, கூட வழிகாட்டி, வாசலில் பெயர்ப் பதிவு என்று யாராவது நம்மைத் தடுத்து நிறுத்திச் சரிபார்ப்பார்கள். இங்கே அனுமதிச் சீட்டும் கிடையாது, வாசலும் கிடையாது. சாலையோரம் காரை நிறுத்திவிட்டு நேராக ஆற்றுக்குள் இறங்கிவிடலாம். போதுமான சாமான் இருக்கிறதா என்று பார்க்க உங்களைத் தவிர யாரும் இல்லை.

பிஎல்பி: 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாய அழைப்பு அனுப்பும் சின்னக் கருவி. வாடகைக்குக் கிடைக்கும். பாதை முழுவதும் செல்போன் சிக்னலை மறந்துவிடுங்கள். கருவியைப் பையின் அடியில் வைக்காமல் உடம்போடு, ஜாக்கெட் பாக்கெட்டில் வையுங்கள். ஆறு பையைக் கொண்டுபோனால் கருவியும் போய்விடக் கூடாது.

தகவல் சொல்லி வைக்கும் ஆள்: வழி, கூட வருபவர்கள், கார் எண், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் போலீசைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அந்தக் கெடுவில் ஒரு முழு நாளைக் கூடுதலாகச் சேருங்கள். 'ஞாயிறு சாயங்காலம் போன் பண்ணுவேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஆறு பெருகி நிற்கும்போது 'வீட்டில் தேடுவார்களே' என்று இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். திங்கள் இரவு என்று சொல்லியிருந்தால் ஹட்டிலேயே நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

ஹட் டிக்கெட் அல்லது பேக்கன்ட்ரி ஹட் பாஸ்: முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்குப் படுக்கை. அதனால் ஒரு சின்னக் கூடாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹட் நிரம்பினால் மட்டுமல்ல, இரண்டு ஆறுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாலும் அதுதான் வீடு.

வரைபடம்: டோபோ50 வரிசை, காகிதத்தில். போனிலும் தரவிறக்கி வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

உடை: பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, ஃப்ளீஸ், உண்மையிலேயே மழை தாங்கும் ஜாக்கெட், குல்லா, கையுறை. கோடையிலும்தான்.

பை உறை வெளியே மாட்டுவது போதாது. பைக்குள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் லைனரைப் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டுங்கள். தூங்கும் பை நனையாது என்பது ஒரு காரணம், காற்று அடைபட்ட பை தண்ணீரில் மிதக்கும் என்பது இன்னொன்று. அதன் பயன் ஆறாவது படியில் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் காலணியில் ஒரு துளி மண் இல்லாமல் கழுவி, காயவைத்துக் கொண்டு வாருங்கள். பயன்படுத்திய காலணி, கூடாரம், கொண்டுவரும் சாப்பாடு எல்லாவற்றையும் நுழைவுப் படிவத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம்.

4. சாப்பாடு

ஐந்து நாள் நடைக்கு ஆறு நாள் சாப்பாடு. அந்த ஆறாவது நாள் ஆற்றங்கரையில் காத்திருப்பதற்கு. 'சுமை அதிகம்' என்று கடைசி நிமிடத்தில் அதைத்தான் எடுத்து வெளியே வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், வைக்காதீர்கள்.

ஹட்டில் விறகு அடுப்பு குளிர்காயத்தான். சமைக்க உங்கள் கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் நீங்களே சுமக்க வேண்டும். பச்சரிசி, பருப்பு எல்லாம் கேஸைத் தின்னும். அவல், ரவை, கூஸ்கூஸ் மாதிரி கொதிநீரில் ஊறி வேகிறவை நல்லது. வறுத்த ரவையில் தாளிப்பைச் சேர்த்து வீட்டிலேயே பொட்டலம் போட்டுக்கொண்டால் உப்புமா ஐந்து நிமிடம். ரசப்பொடி ஒரு சின்ன டப்பா. ஈரக்காலோடு ஹட்டுக்குள் நுழைந்ததும் ஒரு டம்ளர் சூடான ரசம் கிடைத்தால், பக்கத்துப் படுக்கைக்காரர் இது என்ன என்று கேட்டு அவருக்கும் ஒரு டம்ளர் போகும், கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஐக்கன்ஸ் முனையும் முதல் ஆறும்

இரண்டு முனைகளும் வேறு வேறு நெடுஞ்சாலைகளில் இருக்கின்றன. ஒரு காரை வைத்துக்கொண்டு யோசிக்காமல் வந்துவிட்டு, கடைசியில் விண்டி பாயிண்டில் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்பது வழக்கமான காட்சி. இரண்டு கார் அல்லது இரண்டு சாலையிலும் ஓடும் ஷட்டில் வண்டி என்று முன்பே ஏற்பாடு செய்யுங்கள். காரை விடுவதாக இருந்தால் விண்டி பாயிண்ட் முனையில் விடுவது நல்லது. நடந்து முடித்து வருகிறபோது வண்டிக்காரருடைய நேரத்தைத் துரத்த வேண்டியிருக்காது.

ஐக்கன்ஸில் சாலையை விட்டதும் கொஞ்ச நேரத்திலேயே ஓடிரா ஆறு. இங்கே சற்று நேரம் நின்று பாருங்கள், இந்த நடையின் பெரிய முடிவு இங்கேதான். தண்ணீர் தெளிவாக, அடியில் கல் தெரிகிற மாதிரி, முழங்காலுக்கு மேல் போகாமல் இருந்தால் சரி. பழுப்பாக இருந்தாலோ, மரத்துண்டு மிதந்து வந்தாலோ, தண்ணீருக்கு அடியில் கல் உருளும் சத்தம் கேட்டாலோ இறங்கக் கூடாது. அந்தச் சத்தம் ஒரு மாதிரி மந்தமான 'கடகட'. கரையில் நிற்கும்போது காதைவிடக் காலில்தான் முதலில் தெரியும்.

சாலையில் மேலே மோரிசன் நடைபாலம் இருக்கிறது, வெள்ளக் காலத்தில் ஓடிராவை அதில் கடந்து மறுகரையிலேயே வரலாம். புதியவர்கள் 'அப்பாடா, பாலம் இருக்கே' என்று அதில் போய்விடுவார்கள். ஆனால் ஓடிராவில் இறங்க முடியாத அளவு தண்ணீர் இருந்தால் அடுத்து வரும் ஓடெஹாகேவும் தாரமகாவும் அதே மழையில்தான் பெருகியிருக்கும், அங்கே பாலம் கிடையாது. எனவே ஓடிராவைக் கடக்க முடியாத நாளில் அந்த நடையே அன்றைக்கு இல்லை. ஊருக்குத் திரும்பி மறுநாள் வாருங்கள். இந்த ஆறுகள் குட்டையானவை, செங்குத்தானவை. ஏறுகிற வேகத்திலேயே இறங்கவும் செய்யும், மழை நின்றால் மறுநாள் காலையிலேயே ஆள் நடமாட முடிகிற அளவுக்கு வந்துவிடுவது சகஜம்.

6. ஆற்றைக் கடக்கும் முறை

இதைத் தண்ணீர் குறைவான ஒரு பழக்கமான ஆற்றில் முன்பே செய்து பாருங்கள். முதல் பயிற்சி ஓடிராவில் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் இடம். குறுகலான இடம் கிட்டத்தில் தெரியும், ஆனால் குறுகினால் ஆழமும் இழுப்பும் கூடும். ஆறு பல கிளைகளாகப் பிரிந்து சரளைக் கல்லில் அகலமாகப் பரவும் இடத்தைத் தேடுங்கள், கால் மணி நேரம் மேலும் கீழும் நடந்து தேடினாலும் அது வீண் இல்லை. வளைவின் வெளிப்பக்கம் வேண்டாம், அங்கே கரை அரித்து ஆழமாக இருக்கும். கடக்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கீழே விழுந்த மரம் குறுக்கே கிடந்தாலோ, பாறைகளுக்கு நடுவே வெள்ளை நுரை தெரிந்தாலோ அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இழுத்துக்கொண்டு போனால் நீங்கள் போய்ச் சேரப்போவது அங்கேதான்.

அடுத்து வேகம். ஒரு குச்சியை எறிந்து அதோடு கரையில் நடங்கள். சாதாரண நடையில் அதோடு சேர்ந்து போக முடியவில்லை என்றால் ஓட்டம் உங்களுக்கு அதிகம்.

காலணியைக் கழற்றாதீர்கள். முதல் ஆற்றில் எல்லோரும் கரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றி மடித்து வைப்பார்கள், வெறுங்காலோடு உருண்டைக் கல்லில் வழுக்குவார்கள். கால் எப்படியும் நனையப் போகிறது, நாள் முழுக்க நனையப் போகிறது. ஈரச் சாக்ஸோடு நடக்கப் பழகுங்கள், ராத்திரிக்கு மட்டும் ஒரு உலர்ந்த சாக்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தொளதொளப்பான பேண்ட்டுக்குப் பதில் அரைக்கால் சட்டை. துணியில் தண்ணீர் மோதும் விசை இறங்கிய பிறகுதான் தெரியும்.

பையின் மார்புப் பட்டையைக் கழற்றுங்கள், தோள் பட்டையைத் தளர்த்துங்கள். இடுப்புப் பட்டை இருக்கட்டும், ஆனால் ஒரே அழுத்தில் கழற்ற வருகிறதா என்று கரையிலேயே பாருங்கள்.

இரண்டு பேருக்கு மேல் இருந்தால் சேர்ந்து கடப்பதுதான் பாதுகாப்பு. எல்லோரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையாக மறுகரையைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் கை பக்கத்தில் இருப்பவருடைய பைக்கும் முதுகுக்கும் நடுவே போய் அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடிக்க வேண்டும், கையோடு கை கோப்பது பத்தாது, தண்ணீர் பிரித்துவிடும். பலசாலி நீர் வரும் பக்கத்து முனையில், அனுபவம் குறைந்தவர் நடுவில். முதல் ஆள் நீரின் விசையை உடைக்க, மற்றவர்கள் அவருடைய மறைவில் நடப்பார்கள். வரிசை நீரோட்டத்துக்கு இணையாக இருக்கும்வரைதான் இது வேலை செய்யும். ஒருவர் முந்தி வரிசை திரும்பிவிட்டால் எல்லோர் மேலும் முழு விசையும் விழும். அதனால் ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒன்றாகச் சின்ன எட்டாக வைத்து, ஓட்டத்தோடு சற்றே கீழ்நோக்கிச் சாய்வாகப் போங்கள். எதிர்த்து மேலே ஏறப் பார்க்காதீர்கள்.

பாதியில் முடியவில்லை என்று தோன்றினால் அதே வரிசையில் பின்னால் வரலாம். யார் 'வேண்டாம்' என்று சொன்னாலும் திரும்ப வேண்டும், ஓட்டுப் போடக் கூடாது. இதை இறங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் நீர் போகும் திசையில், மிதக்கும் பையின் மேல் சாய்ந்து, கையால் துழாவிக் கரையை நோக்கிச் சாய்வாகப் போங்கள். ஆழமான இடத்தில் எழுந்து நிற்கப் பார்த்தால் பாறை இடுக்கில் கால் மாட்டும். கயிறு கட்டிக் கடக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பயிற்சி இல்லாதவர் கையில் கயிறு ஆளைத் தண்ணீருக்கு அடியில் பிடித்து வைக்கும்.

7. தாரமகாவ் வழியாக லாக் ஸ்ட்ரீம் ஹட்

ஓடிராவுக்குப் பிறகு அகலமான ஆற்றுப்படுகை. பாதை என்று ஒன்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சரளையிலும் புல்வெளியிலுமாக, வசதிப்பட்ட இடத்தில் தாரமகாவைத் தாண்டித் தாண்டித்தான் மேலே போக வேண்டும். ஓடெஹாகே வந்து சேரும் இடத்தைத் தனி ஆறாக நினைத்து, ஓடிராவில் செய்த அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். 'ஒன்றைத் தாண்டியாச்சு' என்ற தைரியத்தில் இரண்டாவதில் பார்க்காமல் இறங்குவது அடிக்கடி நடக்கிறது.

எதிரே வருகிறவர்களிடம் கேட்கலாம், ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்து கேளுங்கள். மேலேயிருந்து வருகிறவர் கணவாயில் மரம் விழுந்திருக்கிறதா, எங்கே கரை அரித்திருக்கிறது என்று சொல்வார். ஓடெஹாகேவை அவர் இன்னும் பார்க்கவில்லை, அதைப் பற்றி அவர் சொல்வது அவரும் யாரிடமோ கேட்டதுதான்.

வழியில் கிவி ஹட் இருக்கிறது. பிற்பகல் மழை தொடங்கிவிட்டால் அங்கேயே தங்கிவிடலாம். இல்லையென்றால் லாக் ஸ்ட்ரீம் ஹட் வரை போய்விடுங்கள், ஐக்கன்ஸிலிருந்து ஆறேழு மணி நேரம் ஆகும். ஆற்றுப்படுகையிலிருந்து காட்டுக்குள் ஏறும் இடங்களில் பெரிய ஆரஞ்சு முக்கோணம் மரத்தில் அடித்திருக்கும். படுகையில் தலையைக் குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்கள் அதைத் தவறவிட்டு, செங்குத்துக் கரையில் போய் முட்டி நிற்பார்கள்.

ஹட்டுக்கு வந்ததும் பதிவேட்டில் எழுதுங்கள், தங்காமல் கடந்து போனாலும் எழுதுங்கள். தேடி வருகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

காலணியை வாசலில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். கீயா என்ற மலைக்கிளிக்கு விடியற்காலையில் வேறு வேலை கிடையாது. நாக்கு, லேஸ், உள்ளே இருக்கும் பஞ்சு என்று வரிசையாகப் பிய்த்து வைத்திருக்கும். கதவுக்கு உள்ளே, உயரமாகத் தொங்கவிடுங்கள்.

8. கணவாய் நாள்

சீக்கிரம் கிளம்புங்கள். லாக் ஸ்ட்ரீமிலிருந்து பள்ளத்தாக்கு குறுகும், பாதை காட்டுக்குள் ஏறி இறங்கும், வேர், பாசி படிந்த பாறை, சின்னச் சின்ன ஓடைகள் என்று நடை வேகம் பாதியாகிவிடும். உச்சிக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து ஒரு மணி என்று போடாதீர்கள்.

இங்கே வழக்கமாக ஏமாறுவது அரித்துப்போன இடங்களில். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாதை திடீரென்று ஒரு மண்சரிவின் விளிம்பில் முடியும், எதிரே தொடர்ச்சி தெரியும், நடுவே தளர்ந்த மண். குறுக்கே போகத் தோன்றும். போகாமல் பத்து எட்டு பின்னால் வந்து மேல் பக்கம் பாருங்கள், பெரும்பாலும் சுற்றிப்போக மரத்தில் புது முக்கோணமோ நடந்த தடமோ இருக்கும். கடைசியாகப் பார்த்த முக்கோணத்திலிருந்து சில நிமிடத்துக்குள் அடுத்தது தெரியவில்லை என்றால் திரும்பி முந்தையதற்கு வாருங்கள். காட்டுக்குள் 'இப்படித்தான் இருக்கும்' என்று உத்தேசமாக இறங்கினால் ஓடைப் பள்ளத்தில்தான் போய் நிற்பீர்கள், அங்கே இறங்குவது எளிது, ஏறுவது முடியாது.

உச்சியில் பெரிய காட்சி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கணுக்கால் புரளும், ஊன்றுகோலை இப்போது கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளுங்கள்.

9. ஹுருனுயி பக்கம்

இறங்கியதும் காடு மாறும். மேற்கின் சொதசொதப்பு குறைந்து, பீச் (beech) மரங்களுக்கு நடுவே உலர்ந்த தரை வரும். ஹார்ப்பர் பாஸ் பிவி இரண்டே பேருக்கான சின்னக் கொட்டகை, கீழே கேமரன் ஹட் நான்கு பேருக்கு. இரண்டையும் நம்பித் திட்டம் போடாமல் அவசரத்துக்கு என்று வைத்துக்கொண்டு, மூன்றாம் எண் ஹட் வரை போங்கள். லாக் ஸ்ட்ரீமிலிருந்து ஆறு மணி நேரம் வரை ஆகலாம், பழைய பள்ளிக்கூடம் மாதிரியான தாழ்வாரம் வைத்த கட்டடம், தூரத்திலேயே தெரியும்.

மேற்கே பெரிய மழை பெய்தால் முகட்டைத் தாண்டி வழிந்து ஹுருனுயியின் தலைப்பகுதியிலும் பெய்யும். கணவாயைத் தாண்டிவிட்டோம் என்று கிளை ஓடைகளை அலட்சியமாக நினைக்காதீர்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பீச் காட்டில் குளவி அதிகம். மரப்பட்டை கறுப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால் அதில் ஒரு பூச்சி விடும் தேன்துளிக்காகக் குளவி மொய்க்கும். அந்த மரத்தைப் பிடித்து ஏறாதீர்கள். கடி ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்து இல்லாமல் வரவே கூடாது. சாண்ட்ஃப்ளை ஈயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆற்றங்கரையில் நின்ற அரை நிமிடத்தில் அதுவே வந்து சொல்லும். நடந்துகொண்டே இருந்தால் கடிக்காது, நீளக்கை சட்டை போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மூன்றாம் எண் ஹட்டுக்கும் ஹுருனுயி ஹட்டுக்கும் நடுவே சரிவில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. இறங்கிக் குளிக்கலாம், ஆனால் தலையை முக்கக் கூடாது, மூக்கில் தண்ணீர் ஏறக் கூடாது. இந்த மாதிரி இயற்கை வெந்நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே எடுக்கும். நம் ஆட்கள் வெந்நீரைக் கண்டால் முதலில் தலையைத்தான் நனைப்போம், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

10. ஏரிக்கரையும் வெளியேறலும்

ஹுருனுயி ஹட்டிலிருந்து தொங்குபாலத்தில் ஆற்றைக் கடந்து, சம்னர் ஏரியின் வடகரைப் பக்கமாகக் காட்டுக்குள் போய், கிவி சேடில் என்ற தாழ்வான மேட்டைத் தாண்டினால் ஹோப் கிவி லாட்ஜ். ஐந்தாறு மணி நேரம். நடை சுலபம், ஆனால் கால் களைத்திருக்கும் நாள் இது. மேய்ச்சல் நிலங்களில் வழி மங்கிவிடும், கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் பார்த்து நடங்கள். கால்நடை இருக்கும் பகுதியில் தண்ணீரைக் கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடியுங்கள்.

ஹோப் கிவியிலிருந்து ஹோப் ஆற்றின் ஓரமாக நான்கைந்து மணி நேரத்தில் விண்டி பாயிண்ட். ஷட்டில் பிடிக்க வேண்டும் என்றால் விடிகாலையில் கிளம்புங்கள், சாலையில் நிழலும் இல்லை, பெயருக்கேற்ற காற்று வேறு.

11. சாலைக்கு வந்த பிறகு

சிக்னல் கிடைத்ததும் முதல் வேலை, தகவல் சொல்லி வைத்த ஆளுக்கு வந்து சேர்ந்தோம் என்று சொல்வது. குளித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தூங்கிப்போய், தேடுதல் தொடங்கி விடுவது வேடிக்கையில்லை.

அப்புறம் காலணி. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்கு டிடிமோ என்ற பாசி நம் காலணி வழியாகவும் பரவுகிறது. ஒட்டிய சேறு, இலை எல்லாவற்றையும் எடுத்து, சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகும் இன்னும் 48 மணி நேரம் விட்டு வையுங்கள். அடுத்த வாரமே வேறு ஆற்றுக்குப் போகிற திட்டம் இருந்தால் அன்று சாயங்காலமே இதைச் செய்துவிடுங்கள், தடித்த தோல் காலணி உள்ளே காய நாளாகும்.